கயோட்டி வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

டெக்சாஸ் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் கயோட்டிகளுக்கு (ஓநாயைவிடச் சிறிய, நரி போன்ற காட்டு விலங்கு) என்ன ரைஃபிள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் துப்பாக்கி என்றால் யோசிக்காமல் .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையைச் சுடும் ரைஃபிள் என்பேன். கயோட்டி பார்க்கத்தான் பெரிது; அந்த ரோமத்துக்குள் இருப்பது பெரும்பாலும் 10–15 கிலோதான். 55 கிரெய்ன் குண்டு, அதாவது மூன்றரை கிராம் சொச்சம், நொடிக்குச் சுமார் 3,200 அடி வேகத்தில் கிளம்பும். 250 கெஜம் வரை தாராளம். தோட்டாவும் மலிவு. உதை குறைவு என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்: சுட்ட பிறகும் மிருகம் ஸ்கோப்பிலேயே தெரியும், குண்டு எங்கே பட்டது என்று பார்த்து உடனே அடுத்ததைப் போடலாம்.

வெட்டவெளியில் 300 கெஜத்தைத் தாண்டினால் .22-250 என்ற தோட்டா வகை. அதே குண்டை ஏறக்குறைய 3,700 அடி வேகத்தில் தள்ளும்; ஆனால் குழல் சீக்கிரம் தேயும். காற்று ஓயாத இடமா? .243 வின்செஸ்டரின் கனமான குண்டு அவ்வளவாக விலகாது. தோலை விற்பதாக இருந்தால் மட்டும் அது வேண்டாம், பெரிய ஓட்டை போட்டுவிடும்.

அப்புறம், ராணுவ பாணி முழு உலோக உறைக் குண்டை வாங்காதீர்கள். அது விரியாமல் ஊடுருவிப் போய்விடும். அடிபட்ட கயோட்டி புதருக்குள் ஓடி மெல்லச் சாகும். உள்ளே விரிந்து சிதறும் வார்மின்ட் வகைக் குண்டுதான், அதாவது தொல்லை தரும் சிறு விலங்குகளுக்கான குண்டுதான் சரி.