நோட்டு பார்க்கும் விளக்கும் பாப்பாவின் லேசரும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பி.எஸ்சி இயற்பியல் கடைசி வருடம் படிக்கிற பாப்பா, எரிகிற வாயுவில் லேசர் அடித்து மாசைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். "அப்படி ஒரு வேலையில் இருக்கும் ஆளை விருதுநகரில் நான் பார்த்ததே இல்லை, பேசாமல் பி.எட் சேர்த்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எட் எங்கும் ஓடிப்போய்விடாது. முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம்.

உங்கள் கல்லாப்பெட்டி பக்கத்தில் நோட்டு பார்க்கும் விளக்கு இருக்கும் இல்லையா? ஐநூறு ரூபாய் நோட்டை அதன் அடியில் வைத்தால் எண்கள் மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அந்த மை வாங்கிக்கொண்டு, தெரிகிற ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. இதன் பெயர்தான் ஃப்ளோரசன்ஸ். பாப்பா நோட்டு இருக்கும் இடத்தில் தீச்சுவாலையையும், விளக்கு இருக்கும் இடத்தில் லேசரையும் வைக்கப் பார்க்கிறாள்.

குழாயை விட்டு வாயுவை உறிஞ்சிச் சோதித்தால் போதாதா என்று கேட்பீர்கள். குழாய் உள்ளே போனதுமே சுவாலையின் போக்கு மாறிவிடும். ஹைட்ராக்சில் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டியது) மாதிரியான துணுக்குகள் குழாய்க்குள் வருகிற வழியிலேயே வேறொன்றாகிவிடும். ஒளியை அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் 1,500 டிகிரிக்கு மேலான சூட்டில் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற மாசு வேகமாக உண்டாகும். அது 226 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் நீண்ட அலையில் ஒளிரும். ஹைட்ராக்சிலுக்கு 283 பக்கம் கொடுத்தால் 308 பக்கம் பதில் வரும். பூட்டுக்குப் பூட்டு வேறு சாவி.

ஆனால் சுலபமான வேலை இல்லை. 226-ஐ சாதாரணக் கண்ணாடி உள்ளே விடாது. குவார்ட்ஸ் ஜன்னல் வேண்டும், அதிலும் கரி படியும். பெரிய தலைவலி இன்னொன்று. ஒளிர வேண்டிய மூலக்கூறு பக்கத்திலுள்ள நீராவி மீதோ கரியமில வாயு மீதோ மோதி, வாங்கிய ஆற்றலை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடும். வெளிச்சம் குறைந்தால் மாசு குறைவா, மோதல் அதிகமா? இந்தக் கணக்கை நேர்செய்வதிலேயே ஆராய்ச்சி மாணவர்களுக்கு வருடம் போகும்.

சரி, வேலைக்கு வருவோம். "ஃப்ளோரசன்ஸ் தெரிந்த ஆள் தேவை" என்று விளம்பரம் வராது. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். வேலை வேறு பெயரில் வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல், அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகள் தொடர் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அனல்மின் நிலையம், சிமென்ட் ஆலை எல்லாம் அதில் அடக்கம். அப்படி வைக்கும் கருவிகளில் ஒரு வகை, புற ஊதா விளக்கால் கந்தக டை ஆக்சைடை ஒளிரவைத்து அளப்பதுதான். சூடான புகையை அப்படியே கருவி வரைக்கும் இழுத்து வருகிற ஏற்பாடாக இருந்தால், குழாய் வழிநெடுகச் சூடாக இருக்க வேண்டும். நடுவில் ஆறினால் நீராவி தண்ணீராகி, கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்து, திரையில் மாசு குறைவாகத் தெரியும். ஆலை முதலாளிக்குச் சந்தோஷமாக இருக்கலாம், ஆனால் அளவு பொய். அது ஏன் பொய் என்று சொல்லத் தெரிந்தவரும் பட்டனை அழுத்த மட்டும் தெரிந்தவரும் ஒன்றில்லை. இது தவிர கருவி தயாரிக்கும் நிறுவனங்கள், வாகனப் புகைச் சோதனைக் கூடங்கள், இன்ஜின் ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த பையன் ஒருவன், பெரிய பெயருள்ள ஆய்வகம் என்று நம்பிச் சேர்ந்தான். லேசர் பழுது, உதிரிபாகம் வரவில்லை. இரண்டு வருடம் கம்ப்யூட்டர் கணக்கே போட்டான். அதனால் இடம் கிடைத்ததும் பாப்பா கேட்க வேண்டியது: லேசர் ஓடுகிறதா, கடைசியாக எப்போது ஓடியது, அதைத் தன் கையால் நேர்ப்படுத்தும் மாணவர்கள் எத்தனை பேர்? பேராசிரியரிடம் கேட்டால் போதாது, சீனியர்களிடம் தனியாகக் கேட்கட்டும். சென்னை ஐஐடியில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது; அங்கிருந்தே விசாரிக்கத் தொடங்கலாம். இயற்பியல் படித்தவரை இயந்திரவியல், வானூர்தித் துறைகளில் பி.எச்டிக்கு எடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

ஐஐடி மாதிரியான இடங்களில் எம்.எஸ்சி சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பிப்ரவரியில் நடக்கும். அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, பி.எச்டி படிப்பு உங்கள் கையைக் கடிக்காது. ஆனால் எம்.எஸ்சி இரண்டு வருடம், பி.எச்டி ஐந்து வருடம் என்றால் 28 வயதாகிவிடும். கல்யாணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாததும் எனக்குப் புரிந்தது. அதை எம்.எஸ்சி முடிகிறபோது பேசலாம். அவளுக்கு லேசர் கூடம் பிடிக்கிறதா என்று அதற்குள் அவளுக்கே தெரிந்திருக்கும். இருட்டு அறையில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு சிக்னலுக்காக நாள் முழுக்க உட்கார எல்லோராலும் முடியாது.

வருகிற சனிக்கிழமை அவளை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பேசினால் நல்லது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.