மாமியார் பெட்டியில் இருந்த வெள்ளி ரூபாய்களை அரசு திரும்பப் பெறுமா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமியார் காலமான பிறகு அவருடைய பெட்டியில், துணியில் முடிந்து வைத்திருந்த வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. விக்டோரியா ராணி, எட்வர்ட், ஜார்ஜ் மன்னர்களின் தலை பொறித்த காசுகள் அவை. புலி உருவம் கொண்ட 1947ஆம் ஆண்டுக் காசுகளும், காந்தி உருவம் பொறித்த பத்து ரூபாய் ஒன்றும் அவற்றோடு உள்ளன. வெள்ளி விலை ஏறிவிட்டதால் பழைய வெள்ளி நாணயங்களை அரசு திரும்பப் பெறப் போகிறது, வைத்திருப்பவர்களிடம் பறிமுதல் செய்வார்கள், இப்போதே விற்றுவிடுங்கள் என்று தெரிந்த நகைக்கடைக்காரர் வற்புறுத்துகிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகள், பாட்டியின் நினைவாகச் சில காசுகளைக் கேட்கிறாள். நான் என்ன செய்வது?"

உங்கள் நகைக்கடைக்காரர் எச்சரிக்கும் காரியம் நடந்து முடிந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாயும் அரை ரூபாயும் 1941 மார்ச் 31-க்குப் பின் செல்லாதவை ஆயின. எட்வர்ட் மன்னரின் காசுகளுக்கு 1942 மே 31 கடைசி நாளாக இருந்தது. ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் மன்னர்களின் பழைய தரத்து, அதாவது வெள்ளி பாதியாகக் குறைக்கப்படுவதற்கு முந்தைய, வெள்ளிக் காசுகள் 1943 ஏப்ரல் 30-உடன் புழக்க உரிமையை இழந்தன. ஆகவே உங்களிடம் உள்ள பழைய தரத்து வெள்ளி ரூபாய்கள் இன்றைய சட்டப்படி பணமே அல்ல. புழக்கத்தில் இல்லாத ஒன்றைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற எந்த அரசாலும் முடியாது. அவை உங்களுக்குச் சொந்தமான வெள்ளிப் பொருள்கள். வீட்டில் இருக்கும் வெள்ளிக் குத்துவிளக்கின் மீதும் கும்பாவின் மீதும் உங்களுக்கு எந்த உரிமை உண்டோ, அதே உரிமை இவற்றின் மீதும் உண்டு.

இருந்தாலும் அந்த அச்சம் வெறும் கற்பனையிலிருந்து பிறந்ததல்ல. பெரியவர்கள் பலருடைய வீடுகளில் இப்படி ஒரு பேச்சு இன்னும் உலவுவதற்குக் காரணம் இருக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது.

1835 முதல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரே தரத்தில் அடிக்கப்பட்ட ரூபாய், 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் எடை கொண்டது; பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இந்த எடைதான் ஒரு தோலா. நம் வைத்தியர்களும் தட்டார்களும் 'ரூபாய் எடை' என்று சொல்லி மருந்தையும் பொன்னையும் நிறுத்ததும் இந்தக் காசை வைத்துத்தான். காசின் முகமதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும் வரை சிக்கல் இல்லை. முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறி, 1917 ஆகஸ்டில் லண்டனில் ஓர் அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டியதும், ரூபாயைச் செலவழிப்பதைவிட உருக்குவதில் லாபம் அதிகம் என்ற நிலை வந்தது. வெள்ளிக் காசைப் பணமாக அன்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அரசு அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூனில், தடை விதித்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் ஒரு ரூபாய்த் தாளையும் வெளியிட்டது. மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து இருபது கோடி அவுன்ஸ் வெள்ளி வாங்க ஏற்பாடு செய்தது. இரண்டாம் உலகப் போரில் இதே கதை இன்னும் கடுமையாகத் திரும்பியது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது மக்கள் தாள் பணத்தைக் கொடுத்து வெள்ளிக் காசைப் பதுக்கத் தொடங்கவே, சொந்தத் தேவைக்கோ தொழில் தேவைக்கோ மிஞ்சிய காசு சேர்ப்பதை இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் குற்றமாக்கினார்கள். அதே ஆண்டு முதல் புதிய காசுகளில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய காசுகள் முன்பு சொன்ன வரிசையில் செல்லாதவை ஆயின.

காசு வைத்திருந்தால் போலீஸ் வரும் என்ற அச்சம் வீடுகளில் தங்கியது அந்த நாள்களிலிருந்துதான் என்று நான் கருதுகிறேன். 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை மேலும் வளர்த்தது. ஆனால் அச்சட்டம் தங்கத்துக்கானது, வெள்ளியைத் தொடவே இல்லை, 1990-இல் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது. போர்க்கால விதிகள் 1946-லேயே காலாவதி ஆயின.

இன்று நடப்பிலுள்ள சட்டம் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். ஒரு நாணயத்தைத் திரும்பப் பெற விரும்பினால், மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குப் பின் அது செல்லாது. அவ்வளவே. அண்மைக் காலத்தில் இது நடந்த விதத்தைப் பாருங்கள்: 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாது என்ற அறிவிப்பு 2010 டிசம்பரில் வந்தது, அது நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 30 அன்று, இடைப்பட்ட ஆறு மாதங்களில் வங்கிகளில் மாற்றிக்கொள்ள வழி இருந்தது. அதன் பிறகும் கால் ரூபாய்க் காசு வைத்திருக்கும் எவர் மீதும் குற்றம் இல்லை. நாணயத்தைச் செல்லாததாக்குவது என்பது அதைக் கொண்டு கடன் தீர்க்கும் உரிமையை நீக்குவது மட்டுமே. உலோகத்தைப் பறிப்பது அல்ல. 2016 நவம்பரில் தாள் பணத்துக்கு நேர்ந்ததை நினைத்து நீங்கள் கலங்கியிருக்கலாம். அந்தத் தாளுக்கு அரசின் வாக்குறுதி தவிர வேறு மதிப்பு இல்லை. வெள்ளிக் காசோ வாக்குறுதி போன பின்னும் வெள்ளியாகவே இருக்கிறது.

ஆகவே அரசைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்தில் விற்பவர்கள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான், ஏனெனில் உங்கள் துணி முடிச்சில் குறைந்தது நான்கு வகைக் காசுகள் கலந்திருக்கின்றன.

விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் ஒரு ரூபாய்க் காசு ஒவ்வொன்றிலும், தேய்மானம் போக, ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு. ஆறாம் ஜார்ஜின் 1940 முதல் 1945 வரையிலான காசுகளில் எடை அதே 11.66 கிராம்தான், ஆனால் வெள்ளி 5.83 கிராம் மட்டுமே. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இந்த ரூபாயின் விளிம்பில், பல்வரிக்கு நடுவே ஓர் அலங்காரப் பள்ளம் ஓடுவதைப் பார்த்து அடையாளம் காணலாம். கள்ளக் காசைத் தடுக்க அப்போது கொண்டுவரப்பட்ட ஏற்பாடு அது. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, 'பாதி வெள்ளிதான் நிற்கும்' என்று ஒரே விலை சொன்னால் விக்டோரியா காசில் நீங்கள் பெரிதும் நட்டப்படுவீர்கள். வகை பிரிக்காமல் கடைப்படி ஏறாதீர்கள்.

புலி உருவம் கொண்ட 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளி கிடையாது. அது தூய நிக்கல், காந்தத்தில் ஒட்டும். போரின்போது அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய 22 கோடி அவுன்ஸுக்கு மேற்பட்ட வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால், பாதி வெள்ளிக் காசுகளை அரசு மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி உருக்கியது. அவற்றின் இடத்தை நிரப்ப வந்தது இந்த நிக்கல் ரூபாய். எனவே ஒரு சிறு காந்தம் உங்கள் முதல் கருவியாக இருக்கட்டும். காந்தத்தில் ஒட்டுவது வெள்ளி அல்ல. ஒட்டாதது எல்லாம் வெள்ளி என்றும் பொருள் இல்லை, ஆகையால் எடையையும் சேர்த்துப் பாருங்கள்.

காந்தி உருவம் கொண்ட பத்து ரூபாய் 1969-இல் நூற்றாண்டு நினைவாக வெளியானது. 15 கிராம் எடை, நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயம் என்பதால் இதன் நிலை வேறு. 2011ஆம் ஆண்டுச் சட்டம் 'நாணயம்' என்ற வரையறைக்குள் நினைவு நாணயங்களையும் சேர்த்திருக்கிறது. நாணயத்தை உருக்குவதையும் சிதைப்பதையும் தடை செய்கிறது. அதை உருக்கக் கொடுக்காதீர்கள். விற்பதானால் சேகரிப்பாளரிடம் காசாகவே விற்கலாம்.

இனி, எந்தக் காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் மதிப்பு உண்டு என்ற கேள்வி. விக்டோரியா ரூபாய்களில் மிகுதியாகக் கிடைப்பது 1862 என்று ஆண்டு பொறித்தது. 1874 வரை அடித்த காசுகளிலும் அந்த ஒரே ஆண்டைத்தான் பொறித்தார்கள். பழையது என்பதற்காக அது அரியது ஆகிவிடாது. ஐந்தாம் ஜார்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாயில், மன்னரின் மேலங்கியில் பொறித்த யானை பன்றியைப் போல் தோன்றியதால் மக்களிடையே எதிர்ப்பு எழுந்து, பெரும்பகுதி உருக்கப்பட்டு, அடுத்த ஆண்டு உருவம் திருத்தப்பட்டது. உங்கள் முடிச்சில் 1911 இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு ரூபாய் உண்மையிலேயே அரியது, அதனாலேயே போலிகளும் அதிகம். அப்படி ஒன்று தென்பட்டால் நாணயவியல் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் மகிழவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஜார்ஜ் மன்னர் காசுகளில் ஆண்டுக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் அது நம் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது. கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருமுறை சென்று அசல் காசுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால், உங்கள் காசுகளை ஒப்பிடும் கண் தானாக வரும்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: விபூதியோ பல்பொடியோ புளியோ போட்டு அவற்றைத் தேய்க்காதீர்கள். விளக்குக்குப் பளபளப்பு அழகு. பழங்காசுக்கு அதன் மேல் படிந்த கருமைதான் சான்று. தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுகளும் அப்படியே.

விற்க முடிவு செய்தால், ஜவேரி பஜாரில் குறைந்தது இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். அன்றைய வெள்ளி விலையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காசுகளை உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். தரத்தை இயந்திரத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உருக்குக் கழிவு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கடைசியில் அல்ல, தொடக்கத்திலேயே கேளுங்கள். பழங்காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணமும் வரியும் கட்டுங்கள் என்று தொலைபேசியிலும் இணையத்திலும் வருபவர்கள் மோசக்காரர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படி நடக்கிறது என்றும், தான் இத்தகைய வியாபாரம் எதிலும் ஈடுபடுவதில்லை என்றும் அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று ஆண்டு பொறித்த 'கம்பெனி காசு'களும் அசல் நாணயங்கள் அல்ல.

வரியை மறந்துவிடாதீர்கள். மரபுரிமையாக வந்ததற்கு வரி இல்லை. விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. பூஜைக்கு வைத்திருந்த காசு சொந்த உபயோகப் பொருள்தானே என்று சிலர் வாதிடுவார்கள். தோல்பூர் மன்னர் ஹேமந்த் சிங் வழக்கில், லட்சுமி பூஜையில் வைத்த வெள்ளிக் காசுகளையும் தங்கக் காசுகளையும் அப்படிக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்துவிட்டது. மாமியார் வைத்திருந்த காலமும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால் உங்களுடையது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு விகிதம் 12.5 சதவீதம். அடக்க விலையாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அப்போது வெள்ளி கிலோ ஏழாயிரம் ரூபாய் சொச்சம் விற்றதால், ஒரு விக்டோரியா ரூபாயின் அடக்கம் எழுபது, எண்பது ரூபாய் அளவில்தான் வரும். தொகை பெரிதானால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெறுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

மகளுக்குக் கொடுப்பதில்தான் நீங்கள் உண்மையாகவே சட்டத்தைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய நாணயம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகும். தனி மனிதர் அதை நாட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. ஒற்றைக் காசாக இருந்தாலும், நினைவுக்காக என்றாலும், விதி அதேதான். எனவே விக்டோரியா, எட்வர்ட் காசுகள் அனைத்தும், ஐந்தாம் ஜார்ஜின் முற்பகுதிக் காசுகளும் செம்பூர் வீட்டிலேயே இருக்கட்டும். மகள் விடுமுறைக்கு வரும்போது அவை அவளுடையவை என்று காட்டிக் கொடுங்கள். ஆறாம் ஜார்ஜின் 1940-களின் காசுகளில் இரண்டொன்றை அவள் கொண்டுபோக விரும்பினால், அவை தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற்று, பயணத்தின்போது காசுகளோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.