இரண்டும் எழுபது சிசி செயின் சா: எந்தக் கடையில் வாங்குவது?

கேள்வி: ஐயா, ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்கு மரம் அறுக்கிற வேலை. நான், தம்பி, மச்சான் என மூன்று பேர். காய்ப்பு ஓய்ந்த தென்னை, பட்டா நிலத்துப் புளி, வேம்பு, ஏலத்தில் எடுக்கும் சீமைக் கருவேலம் எல்லாம் அறுப்போம். கட்டை செங்கல் சூளைக்கும் விறகுத் தொட்டிக்கும் போகும். இதுவரை 45 சிசி செயின் சா மெஷின் ஒன்றை வைத்தே ஓட்டிவிட்டோம். இப்போது பெரிதாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருக்கிறோம். ஒரு கடையில் ஸ்டில் எம்எஸ் 382 வாங்கு என்கிறார்கள், இன்னொரு கடையில் ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி வாங்கு என்கிறார்கள். இவர் அதைக் குறை சொல்கிறார், அவர் இதைக் குறை சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: விற்கிறவர் அடுத்த கடைச் சரக்கை எப்போது புகழ்ந்திருக்கிறார்? அதை விடுங்கள். முதலில் காகிதத்தில் இருப்பதைப் பார்த்துவிடலாம். 382இல் சிலிண்டரின் விட்டம் 52 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மி.மீ. கணக்குப் போட்டால் 72.2 சிசி. 372இல் விட்டம் 50, தூரம் 36. அது 70.7 சிசி. சக்தி முதலாவதற்கு 3.9 கிலோவாட், இரண்டாவதற்கு 4.1. பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் மாட்டாமலே இரண்டும் ஆறு கிலோவைத் தாண்டும். 382 கொஞ்சம் எடை குறைவு. இரண்டுமே தொழில்காரர்களுக்கென்று செய்தவை. பிரித்து மாட்டிப் பல வருடம் ஓட்டலாம்.

இந்த 0.2 கிலோவாட்டை வைத்துத்தான் இரண்டாவது கடைக்காரர் உங்களிடம் பேசியிருப்பார். அது இருபதில் ஒரு பங்குதான். வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் அரை நாள் ஓடி மழுங்கிய செயின் அதைவிடப் பல மடங்கைத் தின்றுவிடும். அரம் போடத் தெரிந்தவன் கையில் 3.9 இருந்தால், தெரியாதவன் கையில் இருக்கும் 4.1 பின்னாலேதான் வரும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? ஒரு வேலை செய்யுங்கள். வேலைநாள் ஒன்றில் இரண்டு கடைக்கும் நேரில் போங்கள். மெஷினைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அந்த மாடலுக்கு இழுக்கிற கயிறும் அதன் ஸ்பிரிங்கும், கிளட்ச் டிரம், ஆயில் பம்ப், பெட்ரோல் ஹோஸ், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட் ஆகியவற்றைக் கேளுங்கள். விலை கேட்பதோடு நிற்காமல், "இப்போது கையில் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு கடைக்காரர் உள்ளே போய் எடுத்துவந்து மேசை மேல் வைப்பார். இன்னொருவர் "சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறோம், ரெண்டு நாள் ஆகும்" என்பார். அந்த ரெண்டு நாள் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். மூன்று பேர் கூலி, வண்டி வாடகை, ஏலம் எடுத்த கெடு எல்லாம் அந்த நாட்களில் கரையும். மெஷின் விலையில் நாலாயிரம் ஐயாயிரம் வித்தியாசம் இருந்தாலும், ஒரே சீசனில் அது சமமாகிவிடும்.

அப்புறம் ரிப்பேர் பார்ப்பவரைப் பாருங்கள். இந்த மாடலைப் பிரித்திருக்கிறாரா, எத்தனை பிரித்திருக்கிறார் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் வைத்துத் தானே பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும் கார்புரேட்டர் உள்ள புதிய வகைகளும் இப்போது வருகின்றன. நல்ல சங்கதிதான். ஆனால் அதைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும், அது எல்லாக் கடையிலும் இருக்காது. ஸ்குரூ திருப்பிச் சரிசெய்யும் பழைய வகையை ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். ஆனால் பழக்கமில்லாதவர் பெட்ரோலைக் குறைத்துத் திருப்பிவிட்டால் பிஸ்டன் கீறிப் போகும். அதனால் ஸ்குரூவை யார் தொடுகிறார் என்பதில் கண் வையுங்கள்.

பார், செயின் விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். இரண்டு கம்பெனிக்கும் பார் மாட்டும் இடம் வேறு. ஒன்றின் பாரை மற்றதில் அப்படியே மாட்ட முடியாது. இந்த அளவு மெஷினில் இரண்டுக்குமே எட்டில் மூன்று அங்குலச் செயின்தான் வழக்கம், ஆனால் பார் காடிக்குள் ஓடும் தடிமன் பெரும்பாலும் ஸ்டிலில் 1.6 மி.மீ., ஹஸ்க்வர்னாவில் 1.5 மி.மீ. மெல்லிய செயினை அகலக் காடியில் போட்டால் ஆடும், வெட்டு கோணலாகப் போகும். தடித்தது மெல்லிய காடிக்குள் நுழையவே நுழையாது. வட்ட அரத்தின் அளவும் பொதுவாக ஸ்டிலுக்கு 5.2 மி.மீ., ஹஸ்க்வர்னாவுக்கு 5.5 மி.மீ. எனவே நீங்கள் வழக்கமாகச் செயின் வெட்டி இணைத்து வாங்கும் கடையில் எந்தச் சுருள் தொங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். உங்கள் வேலையில் மெஷினைவிட செயினுக்குத்தான் நிறையச் செலவு ஆகப்போகிறது. தென்னை நார் பல்லைச் சீக்கிரம் தேய்க்கும். சாலையோரப் புளியென்றால் கேட்கவே வேண்டாம். எவனெவனோ விளம்பரத் தட்டி அடித்த ஆணியெல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும்.

பாரின் நீளத்தில் ஆசைப்படாதீர்கள். ஒன்பது அடி சுற்றளவுள்ள புளி என்றால் குறுக்கே ஏறக்குறைய 34 அங்குலம். இரு பக்கமும் நின்று அறுத்தால் 20 அங்குல பாரே போதும். 25, 30 என்று மாட்டினால் முன்பாரம் கூடும், கூர் தீட்ட வேண்டிய பல்லும் கூடும். கிளை கழிக்கப் பழைய 45ஐயே வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்றாலும் பெரிதாக ஒன்றும் வராது.

கடைசியாக, கையில் எடுத்துப் பாருங்கள். கடை வாசலில் ஒரு கட்டையைப் போடச் சொல்லி, பெட்ரோலும் செயின் ஆயிலும் நிரப்பிய மெஷினை உங்கள் தம்பி ஓட்டட்டும். முதல் வெட்டு எல்லா மெஷினிலும் சுகமாகத்தான் இருக்கும், எட்டாவது வெட்டைக் கவனியுங்கள். விரல் மரத்துப்போகிறதா, பின்பிடியும் முன்பிடியும் உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா, செயின் பிரேக்கை மணிக்கட்டால் தள்ளினால் சட்டென்று பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கடையிலும் புதுச் செயின் போட்டிருந்தால்தான் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள். பங்கில் வரும் பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் வரை எத்தனால். ஆனால் இந்த மாதிரி சாதா கார்புரேட்டர் மெஷின்களின் கையேட்டில் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். எத்தனால் கூடினால் கலவை மெலிந்துபோகும், எஞ்சின் சூடேறும். ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் சீக்கிரம் கெடும். "இங்கே கிடைக்கிற பெட்ரோலையே போட்டால் வாரண்டி நிற்குமா?" என்று கேட்டு, பதிலை பில்லின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் கலந்து வையுங்கள். வேலை இல்லாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டி வைத்துவிடுங்கள். பார் ஆயிலுக்குப் பதிலாக லாரி ஷெட்டில் வடித்த கறுப்பு ஆயிலை விடுவதை எல்லோரும் செய்கிறார்கள். அதிலிருக்கும் இரும்புத் துகள் ஆயில் பம்ப்பை அரைத்துவிடும். பிறகு வாரண்டி என்று போய் நின்றால் மெக்கானிக் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

என்னைக் கேட்டால், உதிரி பாகம் இரண்டு கடையிலும் ஒரேபோல் கிடைத்தால் 382. எடை கொஞ்சம் குறைவு என்பது ஒன்றே காரணம். சித்திரை வெயிலில் நம் ஊரில் நாளெல்லாம் தூக்குகிறவருக்கு அது பெரிய விஷயம். உதிரி பாகத்தில் 372 கடை முந்தினால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் எனக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. இணையத்தில் 58 சிசி, 22 அங்குல பார், தொழில்முறைத் தரம் என்று போட்டுப் பெரிய கம்பெனி விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக்கூட வராத விலையில் செயின் சா கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வருடத்துக்கு நாலு கிளை கழிப்பவருக்கு அது ஓடலாம். ஆனால் அந்த 58ஐ நம்பாதீர்கள். விவரப் பட்டியலில் சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். சென்டிமீட்டரில் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கினால் சிசி வந்துவிடும். இந்த வகையில் அடிக்கடி தென்படுவது 45.2 மி.மீ. விட்டமும் 34 மி.மீ. ஸ்ட்ரோக்கும். பெருக்கிப் பாருங்கள், 54.5தான் வரும். கிலோவாட் எவ்வளவு என்று எழுதாமல் சிசியை மட்டும் பெரிய எழுத்தில் போடுவதும் ஒரு அடையாளம். மாமரத்துக்கு உங்களுக்குத் தொழில்முறை மெஷினே தேவையில்லை. நல்ல கம்பெனியின் 35, 40 சிசி வீட்டுவகை மெஷின் ஒன்று போதும், 16 அங்குல பாரோடு.

கேள்வி: செயின் சா வாங்கி நாலு மாதத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கடையில் "நீங்கள் தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள், அதனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார்கள். உண்மையா? - ஆலங்காயத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பாதி உண்மை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருப்பது சரிதான். அதற்குக் கீழேயே ஒரு விளக்கமும் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. கடைக்காரர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் மெஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த நிறுவனம் வழக்கில் தோற்றது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லேத் மெஷினோ வாங்குகிறவர் ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. மேலே எழுதியிருக்கும் ஒடுகத்தூர்க்காரரும் இதைக் கவனிக்கட்டும்: மெஷினைக் கையில் பிடிக்கிறவர் பெயரிலேயே பில் போடுங்கள், ஏதாவது டிரேடர்ஸ் பெயரில் வேண்டாம்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், எஞ்சின் பிடித்துக்கொண்ட காரணத்தைக் கடையில் எழுதி வாங்குங்கள். "ஆயில் கலக்காமல் ஓட்டினீர்கள்" என்றால் சிலிண்டரைக் கழற்றி உங்கள் கண்முன் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த ஆயில் எவ்வளவு கலந்தீர்கள், ஆயில் வாங்கிய பில் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை சர்வீசுக்கு விடும்போதும் ஜாப் கார்டு (மெஷினை வாங்கிக்கொண்டதற்குக் கடை தரும் சீட்டு) இல்லாமல் மெஷினை ஒப்படைக்காதீர்கள்.

பில்லில் எஞ்சின் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் ஒருமுறை பவர் ஸ்பிரேயர் வாங்கியபோது "மெஷின் 1" என்று மட்டும் எழுதித் தந்தார்கள். மூன்றாம் மாதம் காயில் போனது. எடுத்துக்கொண்டு போனால், "இது நாங்கள் விற்றதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. காயிலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

உங்களிடம் நம்பரோடு பில் இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். சில கம்பெனிகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். வராவிட்டால் கடைக்கும் கம்பெனிக்கும் பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கடையில் உங்கள் கண்முன் கழற்றிக் காட்டுவதைத் தவிர, மெஷினை அதுவரை யாரிடமும் கொடுத்துப் பிரிக்க விடாதீர்கள்.