போர்முக்கு சல்லி இல்ல, சல்லி கேட்டா குடுக்காதீங்க: இந்தக் கிழமை கேள்வி-பதில்

இந்தக் கிழமை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்கிற கொடுப்பனவு) பத்தியும் லோன் பத்தியும்தான், அதனால போன் கவர், செருப்பு, கட்டில் கேஸ் எல்லாத்தையும் அடுத்த கிழமைக்குத் தள்ளிட்டேன். கடிதங்களை சுருக்கித்தான் போட்டிருக்கேன், பெயர் போடல.

கேள்வி: வட்ஸ்அப்ல ஒரு லிங்க் வந்துச்சு அக்கா, வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசாங்கம் 50,000 குடுக்குதுன்னு. ஐடி நம்பர், பேங்க் நம்பர் எல்லாம் போட்டேன். பிறகு ஒரு ஆள் கோல் எடுத்து பதிவுக் கட்டணம்னு 3,500 கேட்டார், அனுப்பினேன். அடுத்த நாள் போனுக்கு வந்த நம்பரைக் கேட்டார், சொன்னேன், எக்கவுண்ட்ல இருந்த 18,000மும் போயிடுச்சு. வீட்ல அவருக்கு இன்னும் சொல்லல. (கொட்டாஞ்சேனை)

பதில்: தங்கச்சி, இதுல நீங்க வெட்கப்பட ஒண்ணுமே இல்ல, திருடினது அவன். அவர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, ஏன்னா பேங்க்குக்கும் பொலிஸுக்கும் நீங்க தனியா அலைஞ்சு முடியாது. பேங்க்குக்கு உடனே கோல் எடுத்து எக்கவுண்ட்டை நிப்பாட்டச் சொல்லுங்க, கோல் எடுத்த நேரம், பேசின ஆளோட பெயர் எழுதி வைங்க, பிறகு பிராஞ்சுக்குப் போய் எழுத்துல முறைப்பாடு குடுத்து ஒரு கொப்பில சீல் வாங்குங்க. அந்த வட்ஸ்அப் மெசேஜ்களை அழிச்சிடாதீங்க, சல்லி போன நம்பர், ஸ்கிரீன்ஷொட் எல்லாத்தோடயும் பொலிஸ்ல என்ட்ரி போடுங்க. பேங்க் கையை விரிச்சா மத்திய வங்கியோட 1935க்கு சொல்லலாம். 18,000 திரும்ப வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், ஆனா உங்க ஐடி நம்பர் அவன்கிட்ட இருக்கு, நாளைக்கு அதை வச்சு வேற யாரையாவது ஏமாத்தினா நீங்க முதலே முறைப்பாடு குடுத்த கடுதாசி கையில இருக்கணும்.

மத்தவங்களும் இதைக் கேட்டுக்கோங்க, அரசாங்கம் குடுக்கிற எந்த உதவிக்கும் முன்கூட்டி கட்டணம் கட்டச் சொல்ல மாட்டாங்க, போனுக்கு வர்ற ஓடிபி நம்பரை யாரும் கேட்கவும் மாட்டாங்க. அப்படி ஒரு மெசேஜ் வந்தா 1919 அரசாங்க தகவல் மையம், அஸ்வெசும விஷயம்னா 1924, ஒரு கோல் எடுத்துக் கேளுங்க.

கேள்வி: கிராம சேவகர் ஒபிஸ்ல கடிதத்துக்கு சைன் வைக்க ஒருத்தர் 1,000 கேட்கிறார். குடுத்து வேலையை முடிக்கவா? (கிராண்ட்பாஸ்)

பதில்: குடுக்காதீங்க. 1954, லஞ்ச ஊழல் ஆணைக்குழு.

கேள்வி: மட்டக்குளியில ரெண்டு ரூம் வாடகை வீட்ல இருக்கோம், மூணு பிள்ளைங்க, கணவர் நாட்கூலி. அஸ்வெசுமக்குப் போட்டோம், கிடைக்கல. பக்கத்து வீட்ல மாடி வீடு, அவங்களுக்கு மாசாமாசம் வருது. ஜீஎஸ்கிட்ட (கிராம சேவகர்கிட்ட) சண்டை போட்டேன், அவர் தன் கையில இல்லைங்கிறார்.

பதில்: அவர் சொல்றது பெரும்பாலும் உண்மைதான். 2023 ஜூலையில அஸ்வெசும தொடங்கினதில இருந்து ஜீஎஸ் பெயர் எழுதி அனுப்புற முறை இல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்பத்தில யார் யார்னு ஆறு பக்கமா பிரிச்சு 22 குறிகாட்டிகள் வச்சு புள்ளி போடுறாங்க. கணக்கெடுக்க வந்தவங்க கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்களோ அதுதான் உள்ள போயிருக்கும். வாடகை வீட்டை சொந்த வீடுன்னு குறிச்சிருந்தாலோ, வீட்டு ஓனரோட கரண்ட் பில்லை உங்க பில்லா எழுதியிருந்தாலோ நீங்க வசதியானவங்க மாதிரி தெரிவீங்க. அதனால முதல்ல பிரதேச செயலகத்துக்குப் போய் உங்க போர்ம்ல என்ன பதிஞ்சிருக்குன்னு கேளுங்க, பிழை இருந்தா எந்த இடம்னு குறிச்சு மேன்முறையீடு போடுங்க. வாடகைப் பத்திரம், பிள்ளைங்களோட ஸ்கூல் கடிதம், மருந்துத் துண்டு எல்லாம் கொப்பி வச்சுக் குடுங்க, குடுத்த திகதியோட ஒரு சீல் வாங்குங்க. சீல் இல்லாத கடிதம் குடுக்காத கடிதம் மாதிரித்தான்.

பக்கத்து வீட்டுக்காரங்களை இப்போதைக்கு விடுங்க. அங்க 70 தாண்டின பெரியவங்களோ அங்கவீனமானவங்களோ இருந்தா அது வேற கொடுப்பனவு. ஆட்சேபனை போடவும் வழி இருக்கு, ஆனா அவங்களுக்கு நிப்பாட்டினா அந்த சல்லி உங்களுக்கு வந்திடாது. உங்க கேஸை சரி பண்றதில இருக்கு லாபம், 2025 ஜனவரியில இருந்து வறிய குடும்பத்துக்கு மாசம் 10,000, கடும் வறிய குடும்பத்துக்கு 17,500, அதுக்கு முதல்ல 8,500ம் 15,000மும்.

கேள்வி: அஸ்வெசும 10,000 வருது. அதை நம்பி ஈஸி பேமென்ட்ல பிரிட்ஜ் எடுக்கலாமா? மாசம் 8,200தான் வருது, வட்டி இல்லைன்னு கடைக்காரர் சொல்றார். (தெமட்டகொட)

பதில்: எடுக்காதீங்க. ரொக்க விலை எவ்வளவுன்னு நீங்க எனக்கு எழுதவே இல்ல, அதுலயே தெரியுது நீங்க கேட்கலைன்னு. எத்தனை மாசம்னும் எழுதல! அந்த 10,000 பிள்ளைங்களோட சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வர்றது, இன்னைக்கு வருது, மறுபடி கணக்கெடுத்து நிப்பாட்டினா 8,200க்கு எங்க போவீங்க?

2013ல நானும் இதையேதான் செஞ்சேன். ஒரு வோஷிங் மெஷின், ரொக்கத்துக்கு 46,000, ஈஸி பேமென்ட்ல மாசம் 5,450 படி 12 மாசம். 5,450 மட்டும்தான் என் கண்ணுல பட்டுச்சு, 12ஆல பெருக்கினா 65,400ன்னு நான் பெருக்கிப் பார்த்தது ஆறாவது தவணை கட்டப் போய் கியூல நிக்கும்போது. எட்டாவது மாசம் மோட்டர் போச்சு, கடை வாரண்டி கார்ட்ல சீல் இல்லைன்னு சொல்லிடுச்சு, ஓடாத மெஷினுக்கு மீதி நாலு மாசமும் கட்டினேன். அந்த நாலு மாசமும் உடுப்பு கையாலதான் துவைச்சேன், இன்னும் எனக்கு அது ஆறல. கடைக்குப் போனா ரொக்க விலை, மொத்தம் கட்டுறது, ரெண்டையும் ஒரு துண்டுல எழுதி வாங்குங்க, பில்லும் சீல் வச்ச வாரண்டி கார்டும் இல்லாம சாமானை வீட்டுக்கு ஏத்தாதீங்க. சாமான் பழுது, கடை பேசலைன்னா நுகர்வோர் அதிகார சபை, 1977, ஆனா வாங்கி 3 மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு போகணும்.

கேள்வி: அஞ்சு பேர் குழுவா சேர்ந்து கிழமை லோன் எடுத்தோம், சுயதொழில் உதவின்னு சொன்னாங்க. எனக்கு 50,000, கையில தந்தது 47,000, டொகியுமென்ட் சார்ஜ், இன்சூரன்ஸ்னு 3,000 வெட்டினாங்க. கிழமைக்கு 1,350, 52 கிழமை. இப்போ எங்க குழுவில ஒரு பிள்ளை வீட்டை விட்டுட்டு எங்கயோ போயிட்டா, அவளோடதையும் நாங்க நாலு பேரும் கட்டணும்னு ராத்திரி எட்டு மணி வரைக்கும் வாசல்ல உட்காந்திருக்காங்க. சைன் வச்ச கடுதாசி எல்லாம் சிங்களம், எனக்கு வாசிக்க வராது, கொப்பியும் தரல. (முகத்துவாரம்)

பதில்: உங்க கடிதத்தை மூணு தரம் வாசிச்சேன். கோபம் உங்க மேல இல்ல, அந்த "உதவி"ங்கிற சொல்லு மேல. திருப்பிக் கட்டணும்னா அது கடன், அதை உதவின்னு சொல்லி வாசலுக்கு வர்றவங்க முதல் சொல்லுலயே ஏமாத்துறாங்க.

கணக்கைப் பாருங்க. 1,350ஐ 52ஆல பெருக்கினா 70,200. உங்க கைக்கு வந்தது 47,000, அப்போ மேல கட்டுறது 23,200. பாதி வட்டின்னு நினைப்பீங்க, ஆனா அந்த 47,000 வருஷம் முழுக்க உங்க கையில இருக்கல்ல, முதல் கிழமையில இருந்தே திரும்பப் போகுது. அதையும் சேர்த்துப் பார்த்தா வருஷத்துக்கு 80 வீதத்துக்கு மேல வட்டி. இதே விளையாட்டு பெரிய லோன்லயும் இருக்கு, 1 லட்சத்துக்கு 24 வீதம், 12 மாசம், மாசம் 10,333ன்னு சொல்லுவாங்க, மாசாமாசம் முதல் (வாங்கின கடன் தொகை) குறையுறதை சேர்த்துக் கணக்குப் போட்டா உண்மையில 42 வீதத்துக்குக் கிட்ட. எந்த லோன் ஒபிசருக்கும் இது தெரியும், யாரும் வாயால சொல்ல மாட்டாங்க.

அடுத்தது அந்த சிங்களக் கடுதாசி. இதை நான் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்கேன், வாசிக்கத் தெரியாத கடுதாசில சைன் வைக்கச் சொல்றது பெரிய அநியாயம். 1987ல 13வது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி ஆயிடுச்சு, மத்திய வங்கி 2023ல போட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதியில வாடிக்கையாளர் விரும்புற மொழியில விளங்கப்படுத்தணும்னு இருக்கு, ஆனா கொழும்புல தமிழ் ஆட்கள் நிறைஞ்சிருக்கிற தெருவுலயே தமிழ் போர்ம் இல்லைன்னு கூசாம சொல்றாங்க. இல்லைன்னா நீங்க சொல்ல வேண்டியது ஒரே வசனம், "தமிழ்ல வந்த பிறகு சைன் வைக்கிறேன்". என் கூட வேலை செஞ்ச ஒரு அக்காவுக்கு நான் இப்படித்தான் பிணை நின்னேன், சிங்களத்தில நாலு பக்கம், "சும்மா சாட்சி சைன்"ன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பேங்க்ல லோன் கேட்டுப் போனப்பதான் க்ரிப் ரிப்போர்ட்ல (யாருக்கு எவ்வளவு கடன்னு பேங்க் பார்க்கிற அறிக்கை) அந்தக் கடன் என் பெயருக்குக் கீழயும் நிக்குதுன்னு தெரிஞ்சுச்சு. சாட்சியும் பிணையும் ஒண்ணில்ல.

இது உங்க ஒருத்தியோட கதையும் இல்ல. 2018ல வரட்சி மாவட்டங்கள்ல பொம்பளைங்க எடுத்த 1 லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்துச்சு, வருஷ வட்டி 35 வீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னும் அப்போ சொன்னாங்க. 2021ல ஹிங்குராக்கொடையில பொம்பளைங்க நாள்கணக்கா சத்தியாக்கிரகம் இருந்ததும் இதுக்குத்தான்.

இப்போ செய்ய வேண்டியது. நாலு பேரும் ஒண்ணா போங்க, தனியா போகாதீங்க. ஒப்பந்தத்தோட கொப்பியும் இதுவரை கட்டின கணக்கும் எழுத்தில கேளுங்க. கம்பனி மத்திய வங்கியோட லைசன்ஸ் லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா 1935க்கு முறைப்பாடு. ராத்திரி வாசல்ல உட்காந்து மிரட்டினா அது பொலிஸ் கேஸ், கடன் இருக்குங்கிறதுக்காக உங்க வீட்டு வாசல் அவங்களுக்கு சொந்தமாயிடாது. போன பிள்ளையோட பங்குக்கு புதுசா எந்தக் கடுதாசிலயும் சைன் வைக்காதீங்க. இதைக் கட்ட இன்னொரு கம்பனில லோன் எடுக்கிற யோசனை வந்தா தயவு செஞ்சு முதல்ல எனக்கு எழுதுங்க.

கேள்வி: போன்ல ஒரு எப் மூலமா 15,000 லோன் எடுத்தேன், ஏழு நாள்ல கட்டணும். கட்டல. என் கொண்டெக்ட்ல இருக்கிற எல்லாருக்கும் நான் கள்ளன்னு மெசேஜ் போடுறாங்க. போன வருஷமும் வேற எப்ல இப்படி நடந்துச்சு. இப்போ இதைக் கட்ட மூணாவது எப் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், நல்லதா? (வெள்ளவத்தை)

பதில்: தம்பி, ரெண்டு தரம் சுட்ட பிறகும் மூணாவது அடுப்புல கை வைக்கவான்னு கேட்கிறீங்க. வேணாம். ரெண்டு எப்பையும் அழிக்க முதல் கட்டின ரசீதை ஸ்கிரீன்ஷொட் எடுங்க, பிறகு அழிங்க. அவங்க அனுப்புற மெசேஜ் எல்லாம் சேர்த்து பொலிஸ்ல முறைப்பாடு குடுங்க, அவங்க செய்றது குற்றம். வீட்ல உண்மையை சொல்லி முதலை மட்டுமாவது கட்டி முடிக்க வழி பாருங்க.

கேள்வி: அப்பாவுக்கு இதய ஒபரேஷன், நாலு லட்சம் குறையுது. ஜனாதிபதி நிதியத்துக்குப் போட்டுத் தர ஒருத்தர் 25,000 கொமிஷன் கேட்கிறார். (மருதானை)

பதில்: ஒரு சதம் குடுக்காதீங்க மகள். 2025ல இருந்து உங்க பிரதேச செயலகத்துலயே அந்த விண்ணப்பத்தைக் குடுக்கலாம், போர்ம்ல டொக்டர் நிரப்ப வேண்டிய பகுதி இருக்கு, ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டும் வேணும். ஒபரேஷனுக்கு முதல் போடுங்க, இன்னைக்கே போங்க. அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்ததும் ஒரு வரி எழுதுங்க.

கேள்வி: தையல் மெஷின் வாங்க 45,000 வேணும். என் தோட்டை அடகு வைக்கவா, கிழமை லோன் எடுக்கவா? அம்மா தோட்டைத் தொடாதேங்கிறா. (வத்தளை)

பதில்: அம்மாவோட மனசு விளங்குது, ஆனா இந்த ரெண்டுல நான் அடகைத்தான் சொல்லுவேன். பேங்க்ல வச்சா வட்டி குறைவு, யாரும் வாசலுக்கு வர மாட்டாங்க, பிணை நின்ன நாலு பேரோட சண்டை வராது, கையில சல்லி வரும்போது முன்னாடியே மீட்கலாம். ஆகக் கூடினா தோடு போகும், அதுக்கு மேல யாரும் உங்களைத் துரத்த மாட்டாங்க. அதுக்கு முதல் சமுர்த்தி பேங்க்ல சுயதொழில் கடன் இருக்கான்னு ஒரு தரம் கேட்டுப் பாருங்க. மெஷின் புதுசா வேணும்னு இல்ல, தைச்சுப் பார்த்து வாங்கின செகண்ட்ஹேண்ட் ஒண்ணே போதும், அப்போ 45,000மும் தேவைப்படாது. தெருவுக்கு வந்து அடகு எடுக்கிற ஆட்கள்கிட்ட மட்டும் போயிடாதீங்க. அடகு ரசீதில நிறையும் கரட்டும் சரியா எழுதியிருக்கான்னு கவுண்டர்லயே நின்னு பாருங்க, மீட்கிற திகதியை கலண்டர்ல வட்டம் போட்டு அம்மாகிட்டயும் காட்டுங்க.