புல்லுக்குள் பூஞ்சை, வேரில் புழு

கேள்வி: ரப்பர் முறித்த இடத்தில் பத்து சென்டில் கோ-4 தீவனப்புல் நட்டிருக்கிறேன். ஓணம் கழிந்ததிலிருந்து திட்டுத்திட்டாக மஞ்சளிக்கிறது, இழுத்தால் தூரோடு கையில் வருகிறது. நியூசிலாந்துப் பால் பண்ணையில் இருக்கும் மருமகன், அங்கே புல்லுக்குள்ளேயே ஒரு பூஞ்சை இருப்பதால் பூச்சி அண்டாது என்கிறார். அந்த விதை இங்கே கிடைக்குமா?
— வாசகர், திருவட்டாறு

பதில்: மருமகன் சொன்னது சரிதான், ஆனால் அது ரைகிராஸ் என்கிற குளிர்நாட்டுப் புல். எபிக்ளோ என்ற பூஞ்சை அதன் இலையுறையில் செல்களுக்கு நடுவே நூல்போல ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது, விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால் வேரில் அது வளர்வதே இல்லை. பிறகு வேர் எப்படித் தப்புகிறது? பூஞ்சை உண்டாக்கும் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள் தூரைக் கடிக்க வரும் கருவண்டுக்குப் பிடிக்காது. வண்டு ஒதுங்கினால் அந்த மண்ணில் முட்டையும் குறையும், புழுவும் குறையும். ஆனால் இந்தக் காவல் இலவசமாக இல்லை. பழைய வகைப் பூஞ்சையில் இருக்கும் லோலிட்ரெம் பி என்ற நச்சு ஆடு மாட்டைத் தள்ளாட வைத்துவிடும், அதனால்தான் அந்த நச்சு இல்லாத ஏஆர்1, ஏஆர்37 என்ற பூஞ்சை வகைகளைப் பொறுக்கி எடுத்தார்கள்.

நம்மூர் வெயிலில் ரைகிராஸ் நிற்காது. கோ-4 கரணை வைத்து வளர்ப்பது, எபிக்ளோ குடியிருக்கிற புல்லும் அல்ல. ஆக, விதையை மறந்துவிடுங்கள்.

மஞ்சளித்த தூர் ஒன்றை மண்வெட்டியால் பெயர்த்துப் பாருங்கள். பழுப்புத் தலையோடு வளைந்து சுருண்ட வெள்ளைப்புழு வேரருகே கிடந்தால் அதுதான் ஆள். மண்பூச்சு இருந்தால் கறையான், அது வேறு கதை. சாணிக்குழியில் பெருவிரல் தடிமனில் கிடப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. தென்னைக்குத்தான் எதிரி, புல் வேரைத் தொடாது.

வெள்ளைப்புழுதான் என்றால் அந்தத் திட்டைக் கொத்திக் கிளறிக் கோழிகளை விடுங்கள், அவை மிச்சம் வைக்காது. அப்புறம் மெட்டாரைசியம் பூஞ்சைத் தூளை நன்றாக மக்கிய சாணத்தில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது தூரடியில் போடுங்கள். இது புல்லுக்குள் குடியிருப்பதல்ல, புழுவின் மேல் முளைத்து உள்ளே புகுவது. செத்த புழு கொஞ்ச நாளில் பச்சை மாவு பூசினாற்போல ஆகிவிடும். ஒரே நாளில் பலன் பார்க்கிற மருந்து இல்லை, பொறுமை வேண்டும். சித்திரையில் முதல் கோடைமழை பெய்த அன்று இருட்டியதும் வேம்பையும் முருங்கையையும் உலுக்கி, விழுகிற வண்டுகளை (வெள்ளைப்புழு வளர்ந்து ஆவதுதான் இவை) மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள்.