இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் மேட்டுநிலப் பகுதியில் குழந்தைகள், வயதான பெற்றோரோடு தங்க வாடகை வீடு எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள். ஆனால் 'குடும்பத்துக்கு ஏற்ற வீடு' என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன்.

போன ஆகஸ்டில் ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கல் வீடு எடுத்தோம். நான், மனைவி, ஆறு வயது மகள், இரண்டு வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. சொன்னபடி குழந்தைக்குக் கட்டிலும் உயர நாற்காலியும் இருந்தன. ஆனால் படுக்கையறைகளும் கழிவறையும் மாடியில் மட்டும்தான். படிகள் ஏணி மாதிரி செங்குத்து, கைப்பிடிக்குப் பதில் சுவரோரமாக ஒரு தடித்த கயிறு. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருக்கின்றன. மறுநாள் விடிகாலை எழுந்து பார்த்தால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னை எழுப்பியிருக்கலாமேம்மா?"

"அவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்திருக்கே, தூங்குப்பா."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. கொல்லைப்பக்கம் ஓடை வேறு, வேலி கிடையாது. உரிமையாளரிடம் கேட்டதற்கு, படத்தில் ஓடை தெரிகிறதே என்றார்.

அந்தக் காலத்து வீடு அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொல்ல வருவீர்கள். சரி, பழைய வீட்டை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்ததைத்தான் சொல்கிறேன். அதனால் கீழ்த்தளத்தில் படுக்கையறையும் கழிவறையும் உண்டா, தோட்டத்துக்கு வேலி உண்டா, படிக்குத் தடுப்புக் கதவு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, வழி வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்டேலுக்குப் போவதென்றால் சிம்னி பேங்க் மேட்டைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து அது. க்ராப்டன் வழி நல்லது.

இன்னொரு ஆதங்கம். ஜூனில் 700 பவுண்டு சொன்ன அதே வீட்டுக்கு பள்ளி விடுமுறை மாதமான ஆகஸ்டில் 1,250 கொடுத்தோம். பள்ளி நாளில் லீவு போட்டுக் கூட்டிப்போனால் அபராதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. மாதச் சம்பளக்காரன் எப்போதுதான் போவது?

இடத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. ஹட்டன் லீ ஹோல் கிராமத்தில் நடுரோட்டில் படுத்திருந்த ஆட்டுக்காகக் கால் மணி நேரம் காரை நிறுத்தினோம், பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் எதிலும் இல்லை. பிக்கரிங்கிலிருந்து நீராவி ரயிலும் இருக்கிறது. மேட்டில் ஏறியதும் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறத்தில் ஹெதர் பூ. அம்மா காரை விட்டு இறங்கி, குனிந்து அந்தப் புதரைத் தடவிப் பார்த்து, "குறிஞ்சி மாதிரியே இருக்குப்பா, இது வருஷா வருஷம் பூக்குமா?" என்று கேட்டார்.

பூக்கும். ஆகஸ்டில் போனால் பார்க்கலாம், செப்டம்பர் பாதியில் மங்கிவிடும். இந்த முறை அம்மாவுக்காகப் படியே இல்லாத ஒற்றைத்தள வீடாகப் பார்த்துச் சொல்லிவைத்திருக்கிறேன்.