பரிந்துரைக்குப் பிறகு...

கேள்வி: தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான எஸ்.எஸ்.பி. (இராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்முகத் தேர்வு) தேர்வில் என் மகன் பரிந்துரைக்கப்பட்டான். ஆனால், மருத்துவப் பரிசோதனையில் காதில் குறும்பி அடைத்திருப்பதாகக் கூறித் தற்காலிகமாகத் தகுதியற்றவன் என்று எழுதிவிட்டார்கள். வாய்ப்பு போய்விட்டதா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: போகவில்லை, அம்மா. குறும்பி, கூடுதல் எடை போன்ற சரிசெய்யக்கூடிய குறைகளுக்காகவே மேல்முறையீட்டு மருத்துவக் குழு இருக்கிறது. 42 நாள் கெடுவுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டு, குறிப்பிடப்பட்ட இராணுவ மருத்துவமனையில் தவறாமல் முன்னிலையாகச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஊக்கு, குச்சி போட்டுக் குடைய வேண்டாம். செவிப்பறையில் காயம்பட்டால் சிறிய குறை பெரிதாகிவிடும்.

ஆனால் ஒன்று: பரிந்துரை என்பது சேர்க்கை ஆணை அன்று. எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்களையும் எஸ்.எஸ்.பி.யின் 900 மதிப்பெண்களையும் கூட்டி, 1,800-க்கு யார் எவ்வளவு பெற்றார்கள் என்ற வரிசையில் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தகுதிப் பட்டியலை வெளியிடும். மருத்துவ முடிவு அந்த வரிசையில் கணக்கிடப்படாது என்றாலும், அதில் தேறாமல் புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அகாடமிக்குள் நுழைய முடியாது. இடங்களோ குறைவு, ஆகவே கல்லூரி விண்ணப்பங்களை நிறுத்தி வைக்காதீர்கள். பிறந்த தேதி, கல்விச் சான்றிதழ்களில் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல் உள்ளனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.